கதவு மூடும் முன்

கோத்தகிரி அரசு மருத்துவமனை, ஆய்வுக்கூடம்.
ஜூலை. பகல் பதினொரு மணிக்கும் டியூப்லைட்.
ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட் இல்லை, பஸ் ஸ்டாண்டு இல்லை,
ஹாரன் மட்டும் இருக்கிறது.

தகடு எண் 212. பென்சில் எழுத்து என்னுடையது.
சிவபாக்கியம், நாற்பத்தாறு, சோலூர்மட்டம்.

வைரஸை நான் பார்த்ததே இல்லை.
இந்த லென்சுக்கு அது எட்டாது.
எனக்குத் தெரிவது அது உண்டாக்கிய வெற்றிடம்:
கருவைச் சுற்றி வெளுத்துக் கிடக்கும் வளையம்,
மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றி
எங்கள் ஊரில் தினமும் விழுகிறதே, அது மாதிரி.

சின்ன ஆள். எட்டாயிரம் எழுத்து,
தலையும் வாலும் இல்லாமல் வட்டமாக முடிந்தது.
செல் இரண்டாகும் நாளில்
அதன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கருவின் சுவர் கரையும்.
குரோமோசோம்கள் நடுவே வந்து வரிசை கட்டும்.
இரு பக்கமும் கயிறு பூட்டி இழுக்கும்.
இழுத்து முடிந்ததும்
குவியலுக்கு ஒன்றாகப் புதுச் சுவர் எழும்.
அப்போது வெளியே நின்றால்
வெளியேதான்.

போன மாசியில் எங்கள் ஹட்டியில்
அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தேயிலை பிரிந்தது.
பெள்ளிராஜ் அண்ணனுக்கு மேல்பாதி,
எனக்கு ஊற்றுப் பக்கம்.
சில்வர் ஓக் பதினொன்று; ஆறு, ஐந்து என்று வெட்ட
மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.
யாரும் பங்கு கேட்காத சொசைட்டிக் கடன்
இரண்டு பத்திரத்திலும்
வந்து உட்கார்ந்திருந்தது.

இதற்கும் அந்தச் சாமர்த்தியம்.
ஒரு புரதம் செய்து வைத்திருக்கிறது, இரண்டு கையோடு.
ஒரு கை தன் வளையத்தில்.
மறு கை, குரோமோசோமில் ஏற்கெனவே
உட்கார்ந்திருக்கும் வேறொரு புரதத்தின் தோளில்.
கொழுந்து பறித்து ஏறிவரும் பெண்களின் ஸ்வெட்டரில்
கறுப்பு ஊசிவிதை ஒட்டிக்கொள்கிறதே.
விதைக்குக் கால் இல்லை.
ஸ்வெட்டருக்கு வீடு தெரியும்.

சரிபாதியாக வராது.
அந்த வீட்டுக்கு முப்பது, இந்த வீட்டுக்குப் பதினெட்டு.
போகட்டும். உள்ளே போய்ப் பெருகிக்கொள்ளலாம்.
பெரும்பாலும் இரண்டு வருஷத்தில்
சொல்லாமல் கொள்ளாமல் அடங்கியும் போகும்.

பயம் வேறு இடத்தில்.
எப்போதாவது அந்த வட்டம் அறுகிறது.
அறுந்த முனை குரோமோசோமுக்குள்ளேயே தைத்துக்கொள்கிறது.
இனி தொங்க வேண்டாம், பிடிக்க வேண்டாம்,
வீட்டின் செங்கல்லே அதுதான்.
பெரும்பாலும் அறுகிற இடத்தில் சிதைவது
பிடித்திருந்த அந்தக் கை.
அந்தக் கைதான் இத்தனை நாள்
அதன் வாயையும் பொத்தி வைத்திருந்தது.

செல் அதற்கப்புறம் நிறுத்தாமல் பிரியும்.
வந்தவனுக்கும் வெளியேற வழி இருக்காது.

212-இல் அது நடந்திருக்கிறதா?
தகடு சொல்லாது. நானும் சொல்லக் கூடாது.
'மறுபரிசோதனை' என்று எழுதி
ஊட்டிக்குச் சீட்டுப் போட்டேன்.

அவர் வந்து ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.
வாசலில் கணவர், குடையை மடிக்காமல்.
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"எப்ப வந்துச்சுங்க? யார்கிட்டயிருந்து?"

பத்து வருஷமும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம்,
அதுக்குத் தேதி கிடையாதுங்க என்றேன்.
பாதி பொய்யுமில்லை, முழு ஆறுதலுமில்லை.

கேட்டபடியே ஸ்வெட்டர் கையிலிருந்து
ஊசிவிதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.
கழுவிய தரையைப் பார்த்தார். போடவில்லை.
உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"ஊட்டிக்கு எவ்வளவு நேரமாகும்?"
ஒரு மணி நேரம் என்றேன்.
"போறதுக்கு இல்லைங்க," என்றார்,
"திரும்பி வர்றதுக்கு.
மத்தியான எடைக்குள்ள வந்துட்டா
அரைநாள் கூலியாவது நிக்கும்."